பின் சீட்டின் இடது ஓரம்

"இன்னா நைனா, இந்த சீட்டு பின்னால போவவே மாட்டேங்குது?"

இம்ரான் முன்பக்கத்து இடது சீட்டின் பொத்தானை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தான். அடியிலிருந்து மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு அடங்கியது. சீட்டு டாஷ்போர்டை ஒட்டியபடியே நின்றது. சரி, பார்ப்போம் என்று நான் அதில் உட்கார்ந்து பார்த்தேன். முழங்கால் இரண்டும் இடித்தன. கதவைச் சாத்தினால் மூச்சு விடத் தனியாக அனுமதி வாங்க வேண்டும் போலிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. காசிமேட்டுப் பக்கம், எங்கள் தெருமுனையில், மூடிக் கிடக்கும் ஐஸ் கம்பெனியின் மதிலோரம். என் ஜப்பான் காரை வாங்குவதற்காக இம்ரான் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்திருந்தான். கல்யாணங்களுக்குப் பெரிய கார்களை வாடகைக்கு விடுவது அவன் தொழில். முப்பது வயதிருக்கும். எண்ணூர் வரை தானே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னான். நியாயம்தான். ஓட்டிப் பார்க்காமல் கார் வாங்குகிறவனை நான் மதிப்பதில்லை.

அவன் ஓட்டினால் நான் எங்கே உட்காருவது? அதுதான் சிக்கல்.

"பின்னால குந்திக்கோங்க நைனா. உங்க வண்டிதானே, யாரு கேக்கப்போறாங்க?"

என் வண்டிதான். பல வருஷமாக என் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அதன் பின் சீட்டில் நான் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. பின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். ஏன் நின்றேன் என்று சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பழைய கதைக்குப் போக வேண்டும். அதுவரை இம்ரான் காத்திருக்கட்டும்.

சாம்பலும் உப்பும்

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரில் அந்தக் காரைப் பற்றி அங்கங்கே சொன்னதைப் படித்துவிட்டு, "ஒரு டிரைவருக்கு எதற்கய்யா அவ்வளவு பெரிய கார்?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பதிலுக்குக் காரைப் பற்றியே சொல்கிறேன். அதைச் செய்த கம்பெனியின் பெயரை மட்டும் சொல்லமாட்டேன். ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் மட்டும் வைத்திருந்த வகை. முத்து வெள்ளை நிறம். உள்ளே சந்தன நிறத்தில் தோல் சீட்டு. எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ள மீட்டரைத்தான் பார்க்க வேண்டும். கதவைச் சாத்தினால் வெளியே இருக்கும் வட சென்னை மொத்தமும் வாயை மூடிக்கொள்ளும்.

அப்படிப்பட்ட காரை வைத்துக்கொள்ள இதைவிட மோசமான இடம் கிடையாது. கிழக்கே கடல். வடக்கே அனல் மின் நிலையங்கள். காற்று ஒரு பக்கமிருந்து அடித்தால் உப்பு, இன்னொரு பக்கமிருந்து அடித்தால் சாம்பல். உறை போட்டு மூடியிருந்தாலும் காலையில் கண்ணாடியின் மேல் மாவு சலித்த மாதிரி படிந்திருக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் போச்சு, பெயின்டில் கோடு கோடாக விழும். முதலில் தண்ணீர் ஊற்றி ஊறவிட வேண்டும். பிறகுதான் கை வைக்க வேண்டும். இதைத் தெருவில் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன்! ஆனாலும் சாம்பலில் விரலால் எழுதுகிறவர்கள் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒருமுறை பானெட்டின் மேல் "ரம்யா" என்று எழுதிப் பக்கத்தில் ஓர் இதயமும் போட்டிருந்தது. ரம்யா யார் என்று இன்றுவரை தெரியாது. கோடு மட்டும் இருக்கிறது.

உப்பு இன்னும் கெட்டது. கண்ணுக்குத் தெரியாமல் அடியில் வேலை செய்யும். அடிப்பாகத்துக்கு அடிக்கடி நல்ல தண்ணீர் அடிக்க வேண்டும். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் தெருவில் காருக்கு நல்ல தண்ணீர் அடித்தால் என்ன பேச்சு வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் புளியந்தோப்பில் என் மெக்கானிக் தாஸிடம் கொண்டுபோய் அடித்து வருவேன். புது உதிரி பாகங்கள் கிடைப்பது எப்போதோ நின்றுவிட்டது. புதுப்பேட்டையில் உடைத்துப் போட்ட வண்டிகளிலிருந்து தாஸ் எதையாவது பெயர்த்துக்கொண்டு வருவார். அதனால் ஒரு கதவின் கைப்பிடி வேறு நிறம். முன் விளக்கில் ஒன்று பளிச்சென்று இருக்கும், இன்னொன்று காமாலை வந்த மாதிரி இருக்கும்.

"இன்னாத்துக்கு அண்ணாத்த இந்த பேஜாரு? ஆட்டோல போனா எண்ணூரு வராதா?" என்பார் தாஸ்.

வரும். ஆனால் ஆட்டோவில் போவது வேறு.

முதலாளியின் இடம்

என்னிடம் வருவதற்கு முன்னால் இந்தக் கார் என் முதலாளியுடையது. துறைமுகத்துக்கு எதிரே கப்பல் ஏஜென்சி வைத்திருந்தார். கார் புதிதாக வந்த நாளிலிருந்து ஓட்டியது நான்தான்.

அவருடைய இடம் பின் சீட்டின் இடது ஓரம். பெரிய மனிதர்கள் எல்லோரும் அங்கேதான் உட்காருவார்கள். டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தால் அவன் பின்னந்தலையோடுதான் பேச வேண்டும். அவர் கால் நீட்டுவதற்காக முன்னால் இருக்கும் இடது சீட்டை முழுக்க முன்னே தள்ளி வைத்திருப்பேன். நடுக் கண்ணாடியை லேசாக இடது பக்கம் சாய்த்து வைத்திருப்பேன். பின்னால் வரும் வண்டியும் தெரிய வேண்டும், ஐயா முகமும் தெரிய வேண்டும். அவர் வாயைத் திறந்து எதுவும் சொல்லமாட்டார். புருவத்தைத் தூக்கினால் வேகமாகப் போ. தோளைக் குறுக்கினால் ஏசியைக் குறை. எல்லாம் கண்ணாடியில் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

காலையில் பேப்பர் படித்துக்கொண்டு வருவார். வெயில் பட்டால் பிடிக்காது. எண்ணூர்ப் பக்கம் போகும்போது வெயில் கடலிலிருந்து வலது ஜன்னல் வழியாக வரும். அதற்காக வலது பின் ஜன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணியில் ஒரு திரை தைத்து மாட்டியிருந்தார். வண்டியை எடுப்பதற்கு முன் அதை இழுத்துவிடுவது என் வேலை. திரையை இழு, சுற்றி வந்து இடது கதவைத் திற, ஐயா ஏறியதும் மெதுவாகச் சாத்து. யோசிக்கவே வேண்டாம், கை தானாகச் செய்யும்.

இன்னொரு சட்டமும் உண்டு. டிரைவர் பின் சீட்டில் உட்காரக்கூடாது. பக்கத்துக் கம்பெனி டிரைவர் ஒருவர், மத்தியானச் சாப்பாட்டு அசதியில் பின் சீட்டில் கால் நீட்டிப் படுத்துவிட்டார். அவர் முதலாளி பார்த்துவிட்டார். மறுநாள் வேலை இல்லை. பிறகு அந்த மனிதர் மூலக்கொத்தளம் பக்கம் மீன்பாடி வண்டி மிதித்துக்கொண்டு போனதைப் பார்த்தேன். அன்றிலிருந்து பின் சீட்டைத் துடைப்பதென்றால்கூட வெளியே நின்று, குனிந்து, ஒரு கையை ஊன்றித்தான் துடைப்பேன்.

முதலாளிக்கு வயதாகி, ஏஜென்சியை மூடிவிட்டு, மகனோடு வெளிநாட்டுக்குக் கிளம்பினார். "நீயே வெச்சுக்கோ. வேற யார் கைக்குப் போனாலும் கெட்டுடும்" என்று மார்க்கெட் விலையில் பாதிக்கு எனக்கே கொடுத்தார். வாங்கிவிட்டேன். புத்தியுள்ளவன் வாங்குவானா என்று யாரும் கேட்பதற்குள் வாங்கிவிட்டேன்.

"வண்டிய எடு, டிரைவரு"

வண்டி என் பெயருக்கு வந்த முதல் நாள் தெருமுனையில் நிறுத்திவிட்டுக் கஸ்தூரியைக் கூப்பிட்டேன். கஸ்தூரி என் மனைவி. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். நான் இறங்கினேன். திரையை இழுத்துவிட்டேன். சுற்றி வந்து, பின்பக்கத்து இடது கதவைத் திறந்து பிடித்தேன். அத்தனை வருஷப் பழக்கம். முன் கதவின் பக்கம் கை போகவே இல்லை.

அவள் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தெருவில் இருந்த பெண்கள் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலையை நிமிர்த்திக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"இன்னா டிரைவரு, வாயப் பொளந்துகினு நிக்கிற? வண்டிய எடு."

தெருவே சிரித்தது. அன்றைக்கு ஆரம்பித்த விளையாட்டு அவள் இருந்தவரை நிற்கவில்லை.

முன் சீட்டுக்கு வரச் சொல்லி நான் கூப்பிடாமல் இல்லை. "முன்னால குந்தினா நான் உன் பொண்டாட்டி. பின்னால குந்தினா முதலாளியம்மா. எது பெருசு, நீயே சொல்லு" என்பாள். முன் சீட்டு தள்ளி வைத்த இடத்திலேயே கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடலோரச் சாலையில் எண்ணூர் வரை போவோம். நெட்டுக்குப்பத்தில் ஒரு டீ. துறைமுகத்துக்குத் திரும்பும் பக்கம் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும் என்பதால், வரும்போது உள்ளே திருவொற்றியூர் நெடுஞ்சாலை வழியாக வருவோம். தேரடியில் பூ வாங்குவாள். எங்களுக்கு ஊட்டி, கொடைக்கானல் எல்லாம் அதுதான்.

புயல் வருகிறது என்று ரேடியோவில் சொன்னால், ஊரில் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்வதை நாங்களும் செய்வோம். வெள்ளத்தில் மூழ்காமல் இருக்கக் காரை மேம்பாலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்துவோம். பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் எங்களுக்கு ஓர் இடம் உண்டு. மழை கொட்டும். கீழே ரயில்கள் நனைந்துகொண்டு நிற்கும். கஸ்தூரி பின்னால் உட்கார்ந்து ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி முன்னால் நீட்டுவாள். "ஓவர்டைம் கேப்பியா டிரைவரு?" என்பாள். "கேக்கமாட்டேம்மா" என்பேன்.

தலைக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாக வைப்பவள் அவள். சந்தன நிறத் தலைசாய்வில் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. முதலாளி பார்த்திருந்தால் மயக்கம் போட்டு விழுந்திருப்பார்.

திருவொற்றியூர் தாண்டியதும் சாலை வளையும் இடம் ஒன்று உண்டு. கட்டடங்கள் விலகி, கருங்கல் குவியலுக்கு அந்தப் பக்கம் கடல் சட்டென்று முழுசாகத் தெரியும். காலை வெயிலில் பார்க்க வேண்டும். டிரெய்லர், சாம்பல், எண்ணெய் நாற்றம் எல்லாம் மறந்துபோகும். அந்த இடம் வந்ததும் கேட்பேன்.

"கடலப் பாத்தியா?"

"பாத்தேன், பாத்தேன். நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

ஒவ்வொரு வாரமும் இதே கேள்வி, இதே பதில். கண்ணாடியில் பார்ப்பேன். சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கடலைக் காட்டிவிட்டேன் என்று எனக்கு அப்படி ஒரு பெருமை.

காலி வண்டி

கஸ்தூரி போய்ச் சில மழைக்காலங்கள் ஆகிவிட்டன. ஆஸ்பத்திரிக்கும் அந்தச் சீட்டில் உட்கார்ந்துதான் போனாள். திரும்பி வந்தது வேறு வண்டியில்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டியை எடுத்தேன். ஓடாத வண்டி கெட்டுப்போகும் என்று கேட்டவர்களிடம் சொன்னேன். பேட்டரி இறங்கிவிடும், வயரை எலி கடிக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்காக நான் போகவில்லை. எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. ஒரு தட்டு, ஒரு டம்ளர். டிவி பேசும், நான் பேசமாட்டேன். காரில் ஏறினால் பேச்சு வந்தது.

திரையை இழுத்துவிடுவேன். இடது கதவைத் திறந்து, கொஞ்சம் நின்று, மெதுவாகச் சாத்துவேன். பைத்தியம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். அந்த வளைவு வந்ததும் "கடலப் பாத்தியா?" என்று கேட்பேன். கண்ணாடியில் எண்ணெய்க் கறை மட்டும் தெரியும். இவ்வளவு சத்தமில்லாத காரை எதற்குத்தான் செய்தார்களோ என்று தோன்றும்.

போன மழைக்கும் பாலத்தின் மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். முன்னாலும் பின்னாலும் கார்கள். பிள்ளைகள் ஒரு காரிலிருந்து இன்னொரு காருக்கு முறுக்குப் பாக்கெட் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ கண்ணாடியைத் தட்டி, "சார், யாருக்காச்சும் வெயிட் பண்றீங்களா?" என்று கேட்டார்கள். டிரைவர் சீட்டில் தனியாக உட்கார்ந்திருப்பவனைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆமாம் என்றேன்.

ஓசூரில் இருக்கும் மகள் அமுதா, போன் பண்ணும்போதெல்லாம் "அத வித்துட்டு இங்க வந்துடுப்பா" என்பாள். தாஸும் வண்டியைத் தூக்கி வைத்து, அடிச்சட்டத்தில் துரு ஏறிய இடத்தைச் சுத்தியால் தட்டிக் காட்டினார். தட்டிய இடத்தில் செதில் செதிலாக உதிர்ந்தது.

"ஓடிகினு கீறப்பவே குடுத்துடு அண்ணாத்த. நின்னு பூட்சுன்னா காயலாங்கடைதான்."

விற்றால் அந்த எண்ணெய்க் கறையும் போய்விடும், ஞாயிற்றுக்கிழமையும் போய்விடும். விற்காவிட்டால் என் கண் முன்னாலேயே துருப்பிடித்து நிற்கும். எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை. பதிவைப் புதுப்பிக்கும் தேதியும் நெருங்கிக்கொண்டிருந்தது. சரி, ஆள் பார் என்று தாஸிடம் சொல்லிவிட்டேன். அவர் அனுப்பியவன்தான் இம்ரான்.

எண்ணூர் ரோடு

பாவம், இம்ரான் இன்னும் காத்திருக்கிறான்.

சுற்றிச் சுற்றிப் பார்த்தான். குனிந்து பார்த்தான். பின் சீட்டுக்குள் தலையை நீட்டினான்.

"டாப்பா வெச்சிகினு கீறீங்க நைனா. இந்தத் தல சாய்க்கிற எடத்துல மட்டும் எண்ணக் கற கலீஜா கீது. பரவால்ல, அத்த நான் மாத்திக்கிறேன். கல்யாணப் பொண்ணு குந்தற எடம் பாருங்க."

ஓங்கி ஒன்று விடலாமா என்று வந்தது. அவன் மேல் தப்பில்லை. யாருக்கும் அது கறைதான்.

டிரைவர் சீட்டில் உட்கார்ந்ததும் நடுக் கண்ணாடியில் கையை வைத்தான்.

"இன்னா நைனா, இது கோணையா கீது?"

"அத்தத் தொடாத!"

என் குரல் உயர்ந்துவிட்டது. சட்டென்று கையை எடுத்துவிட்டான்.

வேறு வழியில்லை. பின் சீட்டில் ஏறினேன். முதலாளி உட்கார்ந்த இடத்தில், அவள் உட்கார்ந்த இடத்தில், இடது ஓரத்தில். எனக்காகக் கதவைச் சாத்த யாரும் இல்லை, நானே சாத்திக்கொண்டேன். தோல் சில்லென்று இருந்தது. தலையைச் சாய்க்கத் துணிச்சல் வரவில்லை.

பையன் நன்றாகவே ஓட்டினான். டிரெய்லர்களுக்கு நடுவில் புகுந்து புறப்படாமல் ஒரே சீராகப் போனான். எனக்குத் தலைகீழ்ப் பாடமான சாலைதான். பின்னாலிருந்து பார்க்க அது வேறு ஊராக இருந்தது. எனக்கு நேர் முன்னால் காலி சீட்டின் முதுகு. இடது பக்கம் கம்பெனி மதில், அடுக்கி வைத்த கன்டெய்னர்கள், மறுபடியும் மதில். திருவொற்றியூர் தாண்டியது. வண்டி வளைந்ததிலேயே இடம் தெரிந்துவிட்டது.

"யப்பா! கடலப் பாருங்க நைனா, இன்னா ஜோரா கீது!"

வலது பக்கம் திரும்பினேன்.

கறுப்புத் திரை.

அன்றைக்கும் காலையில் வண்டியைக் கழுவி முடித்ததும் கை அதை இழுத்துவிட்டிருக்கிறது. முன்னால் எட்டிப் பார்த்தேன். இம்ரானின் தோளும் அவன் தலைசாய்வும் மறைத்தன. இடுக்கில் துளி வெளிச்சம் தெரிந்தது. அது கடலா வானமா என்று சொல்ல முடியாது.

அந்த வளைவில் அவளுக்கு ஒரு நாளும் கடல் தெரிந்ததில்லை.

கை பாட்டுக்கு இழுத்துவிட்ட திரை கடலை மறைக்கும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. உட்கார்ந்து பார்த்திருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்? கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து அதைத் தள்ளிவிட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? "தெரியலய்யா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே பிய்த்து எறிந்திருப்பேன். சொல்லவில்லை. அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் பார்த்தேன், பார்த்தேன் என்றே சொல்லியிருக்கிறாள்.

அப்படியானால் எதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்?

தலையைச் சாய்த்தேன், அந்தக் கறையின் மேலேயே. லேசாக எண்ணெய் வாசனை இன்னும் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரிவது ஒன்றே ஒன்றுதான். நடுக் கண்ணாடி. அதில் ஓட்டுகிறவனின் இரண்டு கண்கள். இப்போது அவை இம்ரானின் கண்கள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று சந்தோஷமாகக் காத்துக்கொண்டிருந்தன.

அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க எனக்கும் மனம் வரவில்லை.

"பாத்தேன், பாத்தேன்" என்றேன்.

நெட்டுக்குப்பத்தில் டீ வாங்கிக் கொடுத்தேன். கழிமுகத்தில் படகுகள் அசைந்துகொண்டிருந்தன. அந்தப் பக்கம் புகைபோக்கிகள் வழக்கம்போல் எனக்காகச் சாம்பல் தயாரித்துக்கொண்டிருந்தன. இம்ரான் காரையே பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தான்.

"வண்டி சூப்பர் நைனா. முடிச்சுக்கலாமா?"

"விக்கல இம்ரான்."

"இன்னா நைனா! இதுக்கா காலங்காத்தால வரச் சொன்னீங்க? மொதல்லயே சொல்றதுதானே?"

"வர்ற வழியிலதாம்பா தெரிஞ்சுது."

"இன்னா தெரிஞ்சுது?"

அதை அவனிடம் எப்படிச் சொல்வது? டீ டம்ளரை வைத்தேன். துருப்பிடித்தால் பிடிக்கட்டும். ஓடுகிறவரை ஓடட்டும். நானும் அப்படித்தானே.

"ஒரு ஒதவி பண்றியா? திரும்பிப் போறப்பவும் நீயே ஓட்டு."

ஒரு மாதிரியாகப் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தான். அவனுக்கும் அந்த வண்டியின் மேல் ஆசை விட்டபாடில்லை.

நான் பழையபடி பின் சீட்டின் இடது ஓரத்தில் உட்கார்ந்தேன். திரையைத் தொடவில்லை. திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் மெட்ரோ தூண்கள் ஒவ்வொன்றாகப் போயின. தேரடியில் பூக்காரர்கள் கடை விரித்திருந்தார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்தபடி கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தேன். அதில் என் கண்கள் இருந்த அத்தனை வருஷமும் அவளுக்கு இதுதான் தெரிந்திருக்கிறது.

தேரடி தாண்டும்போது இம்ரானுக்குப் பொறுக்கவில்லை.

"இன்னா நைனா, ஏறுனதுலருந்து என்னையே பாத்துகினு வர்றீங்க?"

கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்றேன்.